ஐஸில் வைத்த தட்டணுக்கள்

எங்கள் வீட்டில் எதையும் கெடவிட மாட்டோம், சார். அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்தவர். எது கைக்கு வந்தாலும் முதலில் ஐஸில் போடு என்பார். ராயபுரத்தை விட்டு ரத்த வங்கி வேலைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் மழையோடு டெங்குவும் வந்தது. காய்ச்சலில் ரத்தத்தின் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்துபோன குழந்தைகளுக்கு, பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து ஏற்றுவோம். அந்தப் பைகளைக் குளிரில் வைக்கக் கூடாது. சும்மா கிடக்கவும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு மெஷின் உண்டு. அன்று கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்கே போதவில்லை. நான் பைகளை ஐஸ் பெட்டியில் வைத்தேன். அதில் ஒன்று வியாசர்பாடி மகிழினிக்குப் போனது. ஆறு வயதுக் குழந்தை.

கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா வரலட்சுமி ஓடிவந்தார்.

"அண்ணா, கொய்ந்தைக்கு குளிரு தூக்கித் தூக்கிப் போடுது. இன்னாதான் ஏத்துனீங்கோ?"

பை சரியாக இருந்ததா என்று குழந்தை இருந்த வார்டின் டாக்டர் ஐரீனும் கேட்டார். இருந்தது என்றேன். இரண்டாவது பையையும் நானே கொடுத்தனுப்பினேன். நிறுத்தியிருந்தால், முதல் பையில் கோளாறு என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் அல்லவா? மறுநாள் குழந்தை இறந்துவிட்டது. டெங்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நியாயமாகப் பாருங்கள். தட்டணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. தட்டணுவுக்குச் சக்தி கொடுப்பதே அதுதான். குளிரில் தட்டணு சிதைந்தால் அது ரத்தத்தில் கொட்டிவிடும். ஆதியில் அது பாக்டீரியா வம்சமாம். அதனால் கிருமி புகுந்துவிட்டதென்று உடம்பு கொதித்தெழும். அழற்சி என்கிறார்கள். இதெல்லாம் நான் பல வருஷம் கழித்துப் படித்தது. அன்று பெரிய பெரிய டாக்டர்களுக்கே தெரியாத விஷயம் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

தெரியாமல் செய்ததுதான், சார். ஒரே ஒரு பையை மட்டும் ஐஸில் வைக்காமல், கரண்ட் வரும்வரை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். அதே வார்டில் என் தங்கை மகன் ஆண்ட்ரூ படுத்திருந்தான்.