பீரங்கியை இழுத்தவர்களின் பெயர்கள்

தலைமை தாங்கும் நம் வாசகசாலைத் தலைவர் தேசப்பன் ஐயா அவர்களே, மாலையோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் கன்டெய்னர் யார்டு மேலாளர் நெல்சன் சார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், டில்லிபாபு அண்ணனின் மனைவி மதி அண்ணி அவர்களே, திருவொற்றியூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் கார்குழலியின் வணக்கம். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எங்கள் தளபதி டில்லிபாபு அண்ணனை, 'பொம்மை வைத்து விளையாடிய குழந்தை மனசுக்காரர்' என்றார்கள். குழந்தை மனசா? பழைய போர்களை மேசைமேல் சுண்டுவிரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, மறுபடியும் நடத்திப் பார்க்கிற விளையாட்டு அது. யார்டில் கன்டெய்னர்களுக்குக் கிரேன் கொக்கி மாட்டும் வேலை முடிந்து வந்து, எம்-சீல் ஒட்டுப்பசையை உருட்டி, ஒவ்வொரு சிப்பாயையும் அவரே செய்தார். இந்த வாசகசாலையில் இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு, 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட போரைப் பரப்பினார். நீலத் தார்ப்பாய்தான் கடல்.

முதலில் வெளிநாட்டு விதிப்புத்தகத்தை வைத்து ஆடினோம். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். அண்ணன் புத்தகத்தை மூடினார். "இன்னா, பரிட்சைக்கா வந்துகீறோம்? டீ ஆறுறதுக்குள்ள ஆர்டர் சொல்லணும். சொல்லலியா, உன் பட்டாளம் நின்ன எடத்துலயே நிக்கும்." அன்று முதல் இந்த அறையில் கத்தலும் சிரிப்பும்தான்! போர்க்களத்தில் தளபதிக்கு யோசிக்க நேரம் கிடைக்காது என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

காசிமேட்டில் மீன் விற்கும் அங்கம்மா அக்கா ஒருநாள் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடா டில்லி, மார்கழி மாசத்துக் கடலு பாய் விரிச்சாப்ல கீது? உன் படகுக்காரன் கரைக்கு வரானா, சினிமாக்கு வரானா?" அண்ணன் கோபப்பட்டாரா? நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "குந்துக்கா. காத்த நீயே சொல்லு." அதன்பிறகு எங்கள் கடலில் காற்றைத் தீர்மானித்தது பகடை அல்ல, அங்கம்மா அக்கா! அவர் வாயைப் பார்த்தபடி இரண்டு படையும் காத்திருக்கும்.

என் முதல் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். மேசையில் சிப்பாய்களைவிடச் சுமை தூக்குபவர்கள், தண்ணீர் தூக்குபவர்கள், மாட்டுக்காரர்கள் அதிகமாக இருந்தார்கள். அழகுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து, இடம் அடைக்கிறதே என்று என் பக்கத்து ஆட்களை அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். பிறகு பீரங்கியை நகர்த்தப் போனேன். அண்ணன் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா ஜெனரலு, பீரங்கிக்குக் கால் மொளச்சிகீதா?" பக்கத்தில் எட்டு ஆள் இல்லாமல் பீரங்கி அசையக்கூடாது. அது அவருடைய விதி. தோற்றேன்.

நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் இந்த விளையாட்டின் கண்காட்சி நடந்தபோது எங்கள் மேசையையும் கொண்டுபோனோம். நடத்தியவர்கள் சுமை தூக்குபவர்களை எடுத்துவிடச் சொன்னார்கள். பார்க்க நன்றாக இல்லையாம். அண்ணன் கேட்டார்: "அப்போ பீரங்கி தானா நவுந்துச்சா சார்?" தார்ப்பாயைச் சுருட்டி, மேசையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். போகும்போதும் வரும்போதும் அவர்தான் தோளில் சுமந்தார்.

அவர் செய்த ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் ஒரு பெயர் இருக்கிறது. அடிபட்ட ஆளை மேசையிலிருந்து எடுப்பவர், அந்தப் பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். படிக்காமல் எடுத்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். சுமை தூக்கிக்கும் அதே விதி. இது விளையாட்டா? சொல்லுங்கள், இது வெறும் விளையாட்டா?

இப்போது நெல்சன் சாரைக் கேட்கிறேன். போன மாதம் பதினொன்றாம் தேதி எர்ணாவூர் யார்டில் கிரேன் வடம் அறுந்து அண்ணன்மேல் விழுந்தது. அந்த வடம் நைந்துவிட்டது என்று அண்ணன் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்தவள் நான். கேட் அலுவலகத்தில் என் மேசைக்கே வந்து கொடுத்தார். மறுநாள் உங்கள் அறிவிப்பில் என்ன எழுதினீர்கள்? 'அனுமதியின்றி நுழைந்த வெளியாள் ஒருவர்.' பன்னிரண்டு வருடம் கொக்கி மாட்டியவர் வெளியாளா? அத்தனை கன்டெய்னரும் தானாகவா நகர்ந்தது சார்?

தேசப்பன் ஐயா, கையைக் காட்டாதீர்கள். இன்னும் ஒரு பக்கம்தான்.

என்னையும் சொல்லியாக வேண்டும். விபத்து நடந்த அன்று மத்தியானம் நெல்சன் சார் என் மேசைக்கு வந்தார். "அந்த என்ட்ரிய எடுத்துடும்மா. அவர் நம்ம ஆளு இல்ல. படிச்ச பொண்ணு, வேலைய காப்பாத்திக்கோ." எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் சம்பளத்தை நம்பி ஐந்து பேர். கம்ப்யூட்டரில் கேட் வருகைப் பதிவிலிருந்து அவர் பெயரை அழித்தேன். மதி அண்ணி, நான்தான் அழித்தேன். பெயரைப் படிக்காமல் ஓர் ஆளை மேசையிலிருந்து எடுத்தேன். அந்த விதியைத் தெரிந்தவள், அவரோடு நாலு வருடம் ஆடியவள், எடுத்தேன். இங்கே எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என்மேல்தான்.

ஆனால் கரண்ட் போகும் நாளுக்காக கேட்டில் கையால் எழுதும் நோட்டு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று காலை அவர் உள்ளே வந்ததை அதிலும் எழுதியிருந்தேன்; அது என் கையெழுத்து. அவர் எழுதிக் கொடுத்த இரண்டு தாளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. திங்கட்கிழமை நடக்கும் விபத்து விசாரணையில் நோட்டையும் தாள்களையும் அதிகாரியிடம் கொடுப்பேன். அழித்தது யார், அழிக்கச் சொன்னது யார் என்பதையும் சொல்வேன். செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்காது. இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேசை விரிக்கப்படும். சுமை தூக்குபவர்களைத்தான் முதலில் வைப்போம். அங்கம்மா அக்கா காற்றைச் சொல்வார். இது நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுக்கும் வாக்கு.

இப்போது அண்ணனின் விதிப்படி, அந்த நோட்டில் இருப்பதைப் படிக்கிறேன். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். நீங்களும்தான் சார்.

டில்லிபாபு. வயது நாற்பத்தாறு. கொக்கி மாட்டுபவர். தேதி பதினொன்று. உள்ளே வந்த நேரம், காலை ஆறு பத்து.

வெளியே போன நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.