பேக்கரி கடிகாரம்

தங்கை: சுவத்துல இருந்த கடிகாரம் எங்கேண்ணா?

அண்ணன்: எந்தக் கடிகாரம்?

தங்கை: எந்தக் கடிகாரமா! இந்த வீட்டுல பத்துக் கடிகாரமா தொங்குது? பேக்கரி கடிகாரம். ஆணி மட்டும் நிக்குது பாரு. அது இருந்த இடத்துல மட்டும் பழைய பச்சைப் பெயின்ட் அப்படியே இருக்கு.

அண்ணன்: அதுவா... ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்.

தங்கை: வீட்டையே வித்தாச்சு. சாயங்காலம் சாவி கைமாறப் போகுது. இப்பப் போயி ரிப்பேரா?

அண்ணன்: நீ முதல்ல அந்த பீரோவைக் காலி பண்ணு. வண்டிக்காரன் வந்தா நிக்க மாட்டான்.

தங்கை: எந்த பீரோ, செங்கல்சூளையா?

அண்ணன்: ஆமா, செங்கல்சூளைதான்... பாரேன், அம்மா போய்ச் சேந்தும் அவ வச்ச பேரு போகல.

தங்கை: வேற எந்த வீட்டுலயாவது, "ஐஸ் ஃபாக்டரியை நிறுத்துடி, கரண்ட் பில் ஏறுது"ன்னு திட்டு விழுமா?

அண்ணன்: "லாரி மேல ஈரத் துண்டைப் போடாதே, மெத்தை நனையுது..."

தங்கை: "தியேட்டர்ல உக்காந்து தின்னாதே, எறும்பு வரும்!"

அண்ணன்: அந்த தியேட்டர்காரரைச் சொல்லணும். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த மனுஷன், நல்லதா ஒரு நாற்காலி வாங்கிக் குடுக்கக் கூடாதா? தியேட்டர்லேருந்தே ரெண்டு சீட்டைக் கழட்டி அனுப்பிட்டாரு.

தங்கை: எழுந்தா டப்புனு மடங்கிக்கும். என் பாவாடையை எத்தனை தடவை கடிச்சிருக்கு!

அண்ணன்: நகராட்சி லைசென்ஸ் செக்‌ஷன் கிளார்க் வீடுன்னு போர்டே வேணாம். அப்பா மேஜைக்கு எந்த ஃபைல் வந்துச்சுன்னு நம்ம ஹாலைப் பாத்தா போதும்.

தங்கை: ஆனா காசைக் கையால தொட்டதில்ல. அதைச் சொல்லணும்.

அண்ணன்: பெருமையைப் பாரு! "நான் காசு வாங்குறவன் இல்ல தம்பி. அன்பாக் குடுத்தா பொருளை மறுக்க மாட்டேன்." அன்பாம் அன்பு. அது வர்ற வரைக்கும் ஃபைல் ஒரு இஞ்ச் நகராது.

தங்கை: அம்மாவும் வாசல்லயே கேப்பா, "இன்னிக்கு யாரு வீட்டு அன்பு?"ன்னு... ஏய், நீ சிரிக்கிறே!

அண்ணன்: சிரிக்கல.

தங்கை: சிரிச்சே. ஐஸ் ஃபாக்டரி ஃபேன் வந்த அன்னிக்கு ஞாபகம் இருக்கா? நாலு பேரும் வரிசையாப் படுத்துக்கிட்டு, அண்ணாந்து அதையே பாத்துக்கிட்டு... அப்பா எழுந்து எழுந்து போய் ஸ்பீடை மாத்தி மாத்தி வச்சாரு. "இப்ப எப்படி இருக்கு? இப்ப?" அந்தச் சந்தோஷம் எனக்கு ஏசி வாங்கினப்போகூட வரலண்ணா.

அண்ணன்: ம்... நான் மறுநாளே வராந்தாவுல போய்ப் படுத்துட்டேன்.

தங்கை: ஆமா. கொசு கடிச்சு மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. ஏன்னு கேட்டா வாயே திறக்கல.

அண்ணன்: ஐஸ் ஃபாக்டரி பையன் என் கிளாஸ்தானே. எல்லார் முன்னாடியும் கேட்டான். "எங்க ஃபேன் உங்க வீட்டுல நல்லா சுத்துதாடா?"

தங்கை: இதை இத்தனை வருஷமா சொல்லவே இல்லையேண்ணா.

அண்ணன்: அன்னிக்கு முடிவு பண்ணேன். வாங்கவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்.

தங்கை: அதுலயே நின்னுட்டே. அதான் அண்ணி கேஸ் கனெக்‌ஷன் வராம அத்தனை வருஷம் புகையில இருமினாங்க.

அண்ணன்: இருமினா. ஆனா குடுன்னு ஒருநாளும் சொல்லல... சரி, கேளு பாப்பா. இந்தச் சாமான் எல்லாத்தையும் அநாதை இல்லத்துக்கு அனுப்புறேன். ஃபைலுக்காக வந்த எதையும் நாம எடுத்துக்கக் கூடாது. நீயும்தான்.

தங்கை: எல்லாத்தையுமா?

அண்ணன்: எல்லாத்தையும்.

தங்கை: ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் வச்சுக்கறேனே...

அண்ணன்: எது? தையல் மெஷினா?

தங்கை: அப்புறம் சொல்றேன். நீ பேச்சை மாத்தாதே. கடிகாரம் எங்கே?

அண்ணன்: அதான் சொன்னேனே...

தங்கை: அது வந்தப்போ உள்ள மாவு படிஞ்சிருந்துச்சு. மணி அடிச்சா லேசா உதிரும். நாம கீழ நின்னு மோந்து பாப்போம், பன் வாசனை வருதான்னு.

அண்ணன்: வந்துச்சு.

தங்கை: வரல. வந்துச்சுன்னு நீதான் என்னை ஏமாத்துவே. இப்பவும் ஏமாத்துறே... என்னைப் பாத்துச் சொல்லு. எந்தக் கடையில குடுத்தே?

அண்ணன்: மாப்பிள்ளை இப்ப எப்படி இருக்கார்? காலையில சாப்பிட்டாரா?

தங்கை: சாப்பிட்டாரு. ஆஸ்பத்திரியில சேத்துக்கிட்டாங்க, புதன்கிழமை ஆபரேஷன். வீடு வித்த காசு வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதுக்கு முன்னாடி டாக்டர் வேற, "ஹார்ட் வால்வு இதுக்கு மேல தாங்காது, தள்ளிப் போடாதீங்க"ன்னு. இங்கே வீட்டை அப்பா பேருலேருந்து நம்ம பேருக்கு மாத்துற ஃபைலு அசையவே மாட்டேங்குது. "எதையாவது குடுத்துத் தொலைச்சிடேண்ணா"ன்னு கேக்க, வாய் வரைக்கும் வந்துச்சு.

அண்ணன்: ஏன் கேக்கல?

தங்கை: கேட்டா நீ உடைஞ்சு போயிடுவே. கேக்காட்டி அவர் போயிடுவார். நான் என்ன பண்ண?

அண்ணன்: சரி, சரி... அதான் பேரு மாறிடுச்சே.

தங்கை: அதைத்தான் கேக்கறேன். மாசக்கணக்கா கெடந்த ஃபைலு திடீர்னு எப்படி எழுந்து நடந்துச்சு?

அண்ணன்: ரூல்படி...

தங்கை: அந்த ஆபீஸ்லயா? அங்க உக்காந்திருக்கிறது யாரு? சீட்டி மாமா. அப்பாகிட்ட வேலை கத்துக்கிட்டவரு. நம்ம வீட்டுக்கு வந்தா விசிலடிச்சுக்கிட்டே அந்தக் கடிகாரத்தையே... அண்ணா!

அண்ணன்: நீ அந்த பீரோவைப் பாரு...

தங்கை: அண்ணா... குடுத்துட்டியா?

அண்ணன்: காசு வேணாம்னுட்டாரு பாப்பா. "உங்க அப்பா மாதிரிதான் தம்பி நானும். காசு தொடறதில்ல. அவர் ஞாபகமா அந்தக் கடிகாரத்தை அன்பாக் குடுத்தீங்கன்னா..."

தங்கை: அன்பாவா!

அண்ணன்: போர்வையில சுத்தி, பஸ்ல மடியில வச்சு எடுத்துட்டுப் போனேன்... குலுங்கின குலுக்கல்ல அது மணி அடிச்சிடுச்சு. பஸ்ஸே திரும்பி என்னைப் பாத்துச்சு. அந்த ஐஸ் ஃபாக்டரி பையனும் அதுல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு.

தங்கை: ஐயோ அண்ணா... எத்தனை வருஷத்து வைராக்கியம்...

அண்ணன்: மாப்பிள்ளை உசுரை விடவா அது பெரிசு? அழாதே.

தங்கை: அழல. சிரிப்பு வருது. வந்த பொருளுக்காக, வந்த பொருளையே குடுத்திருக்கியே!

அண்ணன்: என்ன உளர்றே?

தங்கை: அம்மா அவரை எப்படிக் கூப்பிடுவா?

அண்ணன்: மாப்பிள்ளைன்னு.

தங்கை: முழுசாச் சொல்லு.

அண்ணன்: ...பிரஸ் மாப்பிள்ளைன்னு. அவங்க அப்பா பிரஸ் வச்சிருந்தாரு, அதனால...

தங்கை: உன் மாமனார் துணிக்கடை வச்சிருந்தாரு. அண்ணியை ஒருநாளாவது "துணிக்கடை மருமக"ன்னு கூப்பிட்டிருக்காளா?

அண்ணன்: பாப்பா...

தங்கை: பிரஸ் லைசென்ஸ் ஃபைலு அப்பா மேஜையில கெடந்துச்சு. அவங்க வந்து, "எங்களுக்கு எதுவும் வேணாம், பொண்ணைக் குடுங்க போதும்"னாங்க. மறுவாரமே ஃபைல்ல கையெழுத்து. சரியா?

அண்ணன்: உனக்கு... உனக்கு யாரு சொன்னா? நான் அப்பாகிட்ட அன்னிக்குப் போட்ட சண்டை... உன் காதுல மட்டும் விழக்கூடாதுன்னு இத்தனை வருஷமா வாயைத் திறக்காம...

தங்கை: அவரேதான் சொன்னாரு. கல்யாணம் ஆன புதுசுலயே. "நான் உங்க வீட்டுக்கு ஃபைலுக்காக வந்தவன். ஆனா உன்னைப் பாத்தப்புறம், ஃபைலு இல்லாட்டியும் வந்திருப்பேன்"னாரு. நீ வருத்தப்படுவேன்னுதான் நானும் தெரியாத மாதிரியே இருந்தேன்.

அண்ணன்: ...அப்போ இவ்வளவு நாளும் ரெண்டு பேரும்...

தங்கை: விடுண்ணா. லாரிக்குக் கால் ஒடிஞ்சுது. ஐஸ் ஃபாக்டரிக்கு எத்தனை தடவை காயில் கட்டினோம். அவர் இப்பத்தான் முதல் தடவையா ரிப்பேருக்குப் போறார். நீ எல்லாத்தையும் அநாதை இல்லத்துக்கு அனுப்பிக்கோ... ஒண்ணு மட்டும் நான் வச்சுக்கறேன்னு அப்பவே சொன்னேன்ல?