எட்டப் பிடிக்காத விளக்கு

விதி இது. கண்ணில் இரும்பு பாய்ந்தால் நல்ல கண்ணைக் கட்டு. விளக்கை எட்டப் பிடி. பக்கம் மாற்றிக் கேள். வெளிச்சம் தெரிந்தால் பார்வை திரும்பலாம். தெரியாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் அந்தக் கண்ணை எடுத்துவிடு. விட்டுவைத்தால் நல்ல கண்ணும் போகும். ஓய்வு பெற்ற பின்பும் எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.

குண்டு விழுகிறது. 1916, தை மாதம், மெசபடோமியாப் போர்முனை. முதலில் சீறல். பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு மண்.

“ஏலே, படு! படுத்துக்கோ!”

கத்தியது நான். பட்டாளத்து ஆஸ்பத்திரி ரைட்டர். படுக்காதவன் சுடலைமுத்து, சீவலப்பேரிக்காரன். கோவேறு கழுதை ஓட்டுகிறவன். கயிற்றை விடவில்லை. கழுதை பிழைத்தது. அவன் இடது கண்ணில் குண்டுச் சில்லு.

அன்றிரவு கூடாரத்தில் வலது கண்ணைக் கட்டினார்கள். வெளிச்சம் வெளியே தெரிந்தால் அடுத்த குண்டு நமக்கு. ஆகவே காயம் கட்டும் டிரஸ்ஸர் போர்வைக்குள் அரிக்கேன் விளக்கை அவன் முகத்தோடு ஒட்டிப் பிடித்தார். எந்தப் பக்கம்? வலது. இப்போது? இடது. எல்லாம் சரி. ‘வெளிச்சம் தெரிகிறது, நம்பிக்கை உண்டு’ என்று எழுதினேன். கண்ணை எடுக்கவில்லை.

எனக்குக் காய்ச்சல். ஒரே கப்பலில் ஊர் திரும்பினோம். பங்குனியில் பாளையங்கோட்டை டாக்டர் விளக்கை எட்டப் பிடித்தார். சுடலைமுத்துவுக்குப் பக்கம் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து சொன்னான்.

“வெளிச்சம் அன்னைக்கே இல்ல, அண்ணாச்சி. கன்னத்துல சூடு அடிச்சுது. அடிச்ச பக்கத்தச் சொன்னேன். இல்லன்னா தோண்டிருப்பானுவல்லா?”

உடனே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அவனும் சம்மதித்தான். ஆனால் அவன் இன்னும் பட்டாளத்து ஆள். பட்டாளத்து ஆளின் கண்ணுக்குப் பட்டாளத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் எழுதினேன். முறைப்படி, மூன்று பிரதி. முறை தவறியிருந்தால் திருப்பியாவது அனுப்பியிருப்பார்கள்.

அவன் மனைவி அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொண்டாள். ஒரு கண்ணுக்குத்தான் வேண்டுதல். கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள்.

சித்திரையில் வலது கண் சிவந்தது. ஆற்றங்கரையில் என்னோடு நடந்துவந்தவன் நின்றான்.

“பனியா பெய்யுது, அண்ணாச்சி?”

உச்சி வெயில். மணல் சுடுகிறது.

ஆனியில் முழு இருட்டு.

கணக்கு இது. சுடலைமுத்துவுக்குப் போன கண் இரண்டு. கோயிலில் வெள்ளிக் கண் இரண்டு. கழுதைக்குச் சேதம் இல்லை என்று பட்டாளம் தவறாமல் பதிந்திருக்கிறது. இடது கண்ணை எடுக்க அனுமதி வந்தது, 1916, ஆடி பதினெட்டு.