எந்த ஒன்பது?

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், தருமபுரியிலிருந்து பொம்மிடி போகும் பஸ். "எட்டுன்னே எழுதியிருந்தா இந்த வம்பு வந்திருக்காதுங்க சார்" என்று முன் சீட்டுக் கண்ணாடிக்காரர் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் மடியில் திறந்த டிபன் டப்பா. அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர் பிளாப்பிகள்.

"நேத்து சர்க்கரை ஆலை கம்ப்யூட்டர்ல நான் ஏத்தினது எதுப்பா?" என்றார் பக்கத்திலிருந்த நரைமீசைக்காரர்.

"ஒன்பதுங்க."

"அப்புறம் என்ன?"

"எட்டாவதா செஞ்ச புரோகிராம்ல தப்புங்க. எந்தத் தோட்டத்தை முதல்ல வெட்டணும்னு உத்தரவு போடறப்ப முத்தின கரும்பைக் கடைசிக்குத் தள்ளிருச்சு. அதைத் திருத்தித்தான் ஒன்பதாவது செஞ்சேன்."

"அதைத்தானே ஏத்தினேன்?"

"நம்ம கம்பெனி முதலாளிக்கு எட்டு ஆகாதுங்களே. எட்டாவது பிளாப்பிலயும் ஒன்பதுன்னே எழுதச் சொல்லிட்டாரு."

எனக்கே அந்த முதலாளியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"தேதியைப் பாத்தா தெரியாது?"

"ரெண்டுலயும் அவரு குறிச்சுக் குடுத்த ஒரே முகூர்த்த தேதிங்க."

"மிஷின்ல?"

"அதுலயும் ஒன்பதுன்னுதான் காட்டும்."

"காலையில உத்தரவு ஊர் ஊரா போயிருச்சேப்பா!"

கண்ணாடிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். ரோட்டோரத் தோட்டத்தில் ஆட்கள் இளங்கரும்பை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம், முற்றிப் பூவெடுத்த கரும்பு வெட்டப்படாமல் நின்றது.

"எந்த ஒன்பதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்று நரைமீசைக்காரர் எழுந்தார். "கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க!"