ஆறாவது பாட்டு

தாராபுரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு இளைஞர்கள். கல்யாணப் பத்திரிகை வைத்திருந்தவனைப் பார்த்து மற்றவன் சிரித்தான்.

"ராப் பாட்டு கேட்டுப்போட்டு அக்காளை உன் கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறவன் நீ ஒருத்தன்தான் மாப்ள."

"ஆல்பம் முழுக்கக் கதைடா. ஒருத்தனும் கண்டுக்கல. ஆறாவது பாட்டுல ஒரு கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ செய்ய வேண்டிய இணைச்சீரை வேற ஒருத்தி செய்யறா. சொந்த அக்கா மண்டபத்து வாசல்ல நிக்கறா. அவ பொடவை நெறம் மொதக்கொண்டு சொல்றான். எனக்கு எங்கக்காதான் தெரிஞ்சா."

"நீயும் அவளும் மூணு வருசமாப் பேசல. உன்னையப் பாத்ததும் கதவைச் சாத்திப்போட்டா என்ன பண்ணுவ?"

எனக்குத்தான் பதறியது.

"சாத்தட்டும். வாசல்லயே நிக்கறேன்."

"சரி, பாட்டுல அந்தக்கா உள்ள போனாளா?"

"இல்லடா. தம்பிக்காரன் வெளிய வந்து கூப்பிடவே இல்ல."