கதவில் இருந்த கீறல்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும், கரி வாயுவில் ஓடும் பஸ் வழக்கம்போல் நடுவழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் பஸ்ஸின் பின்னால் போய்க் கரி அடுப்பைக் கிளறினார். எனக்கு முன்னால் இருந்த காக்கிச் சட்டைக்காரர், யார் வீட்டிலோ கார் ஓட்டுகிறவர், பக்கத்திலிருந்த பெயிண்டரிடம் கேட்டார்:

"கார் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு, பழைய கீறலையும் போட்டுத் தர முடியுமாண்ணே?"

"கீறலையா? எதுக்குய்யா?"

"வளைகாப்பு முடிஞ்சு ஐயாவோட சம்சாரம் பொறந்த வூட்டுக்குக் கெளம்புனாங்க. கார்ல ஏறறப்ப வளையல் பட்டு விழுந்த கீறல். பிரசவத்துலயே தவறிட்டாங்க. ஐயா கண்ணுல அது படக் கூடாதுன்னு நானாத்தான் பாலீஷ் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்கப் பெயிண்டே போயி தகரம் தெரியுது."

"திட்டினாரா?"

"திட்டலைண்ணே. அந்த எடத்தத் தடவிப் பாத்துட்டு, 'அது ஒண்ணுதான்டா இருந்துச்சு'ன்னாரு."

பெயிண்டர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி, எப்படி இருந்துச்சுன்னு காட்டு."

தூசி படிந்த முன்சீட்டு முதுகில் காக்கிச் சட்டைக்காரர் விரலால் ஒரு கோடு இழுத்தார். அழித்துவிட்டு வேறு மாதிரி இழுத்தார். அதையும் அழித்தார்.

"அழிஞ்சுச்சான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். எப்படி இருந்துச்சுன்னு பாக்கவே இல்லையேண்ணே."