ஆஃப் பண்ணாதே

திண்டுக்கல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். இளையவள் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்டேட் ஆகுதுன்னு கம்ப்யூட்டர் காலையில இருந்து அப்படியே நிக்குதுக்கா. 'ஆஃப் பண்ணாதே'ன்னு வேற போட்டிருக்கு."

கம்ப்யூட்டரை நான் தொட்டதுகூட இல்லை. காது மட்டும் தானாக முன்னே போனது.

"அதுக்கேன்டி இம்புட்டுப் பயம்?"

"ஃபாதர் குடுத்த மாதா திருவிழாப் பாட்டுப் பூராம் அதுலதான் அடிச்சு வச்சிருக்கேன். பாதியில ஆஃப் ஆனா அம்புட்டும் போயிருமாம். ரிப்பேர்காரரைக் கையோட கூட்டிட்டு வரத்தான் போறேன்."

"வீட்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. எப்பவும்போல மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டிட்டு..."

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி! ஃபாதர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"கரண்டு போயிருச்சுன்னு சொல்லிரட்டுமாக்கா?"

"சொல்லு. பொய் சொன்ன பாவத்தை ஒத்துக்கிட்டுப் பாவசங்கீர்த்தனமும் அவர்கிட்டதான் பண்ணணும்."